அக்னி மூலையில் ஒரு பேனல்

தளி ரோடு, உடுமலைப்பேட்டை
18.12.1993

அக்பர் அலி பாய் அவர்களுக்கு, பத்மாவதி எழுதுவது. வணக்கம்.

உங்கள் பட்டறைக்குப் பக்கத்து லேத்துக்கு மூன்று தடவை போன் செய்தேன். மூன்று தடவையும், "பாய் ஊத்திட்டிருக்காருங்க, இப்ப வரமாட்டாருங்க" என்ற ஒரே பதில்தான். கூப்பிட்டால் வர முடியாத அளவுக்கு என்னதான் ஊற்றுகிறீர்களோ தெரியவில்லை. அதனால் இந்தக் கடிதம்.

இங்கே தளம் காய்ந்துவிட்டது. தூண்களும் மேல் ஷீட்டும் நின்றுவிட்டன. உள்ளே உங்கள் பேனல் குளிர் அறைதான் பாக்கி. போன வருஷம் எங்கள் புளி வைகாசிக்குள் கறுத்துப் போனதை உங்களிடம் சொல்லியிருக்கிறேன். பழம்புளி நிறம் மாறாமல் ஐப்பசி வரை இருந்தால் வியாபாரி சொன்ன விலைக்குத் தலையாட்ட வேண்டியதில்லை. அதற்காகத்தான் இவ்வளவும். என் வீட்டுக்காரர் வேங்கடசாமி டீக்கடையில் உட்கார்ந்து, "புளிக்கு ஏ.சி. ரூம் கட்டற மொத ஆளு எம் பொண்டாட்டிதானுங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். ஆனால் எங்கள் புளி மட்டும் அறையில் கால்வாசிக்குத்தான் வரும். சுற்று வட்டாரத்தில் தெய்வாத்தாள் அம்மாவிடம் மட்டும் அறுபது மரம் இருக்கிறது. அவர் மூட்டையை இறக்கினால் மற்றவர்களும் இறக்குவார்கள். இல்லையென்றால் நான் வெறும் அறையைக் குளிர வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

இரண்டு விஷயம். பிப்ரவரி ஆறாம் தேதி நல்ல நாள் பார்த்திருக்கிறோம், அதற்குள் அறை நிற்க வேண்டும். இன்னொன்று, தென்கிழக்கு மூலையில் மூன்று கல் வைத்துப் பால் பொங்க வைக்க இடம் வேண்டும். புகை போக அந்தப் பக்கத்துச் சுவரில் சின்னதாக ஓர் ஓட்டை விட்டுவிடுங்கள்.

பத்மாவதி

*

பெரியநாயக்கன்பாளையம்
24.12.1993

பத்மாவதி அம்மா அவர்களுக்கு அக்பர் அலி எழுதும் கடிதம். நலம், நலமறிய ஆவல்.

என்ன ஊற்றுகிறேன் என்று கேட்டிருந்தீர்கள். ஐஸ் வண்டிக்காரர் கட்டியை மரத்தூளுக்குள் புதைத்து வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். மரத்தூளுக்கென்று தனியாகக் குளிர்ச்சி ஏதும் கிடையாது. அதற்குள் அடைபட்டுக் கிடக்கிற காற்று வெயிலின் சூட்டை உள்ளே விடுவதில்லை, அவ்வளவுதான். என் வேலையும் அதேதான். இரண்டு தகடு, சுற்றி மரச்சட்டம், நடுவே நாலு அங்குல இடைவெளி. அதைப் பிரஸ்ஸில் வைத்து இறுக்கிவிட்டு இரண்டு மருந்தைக் கலந்து உள்ளே ஊற்றுகிறோம். ஒன்று தேன் நிறம், மற்றது காப்பி டிகாக்‌ஷன் நிறம். கலந்து பத்து எண்ணுவதற்குள் வெளுத்து நுரைக்கும். ஆப்ப மாவு ஒரு ராத்திரி முழுக்கப் பொங்குவதை இது ஒரு நிமிஷத்தில் பொங்கிவிடும். அந்த நேரத்தில் போனுக்கு ஓடினால் பேனல் பாழ். பொங்கிய பிறகும் அரை மணி நேரம் பிரஸ்ஸிலேயே இருக்க வேண்டும். அவசரப்பட்டு எடுத்தால் தகடு வயிறு வைத்துவிடும்.

மார்கழிக் குளிரில் மருந்துக்கும் சோம்பல்தான். டிரம்மை வெயிலில் வைத்து, தொட்டால் இளஞ்சூடு தெரிந்த பிறகுதான் வேலை. காலை பத்து மணி வரை நானும் என் உதவியாள் கந்தப்பனும் டிரம்மைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். கூரைக்கு வேண்டிய பேனல்களை முதலில் முடித்துவிட்டோம். சுவருடையது நடக்கிறது. மொத்தம் நாற்பத்தொன்பது. பிப்ரவரி ஆறுக்குள் நிச்சயம் நிறுத்திவிடுவேன்.

ஆனால் அந்த ஓட்டை மட்டும் முடியாதுங்க. குளிர் அறைக்கு ஓட்டை விடுவது, தண்ணீர்க் குடத்தின் அடியில் துளை போட்டுத் தருவதைப் போல. அடுப்பும் கூடாது. தகட்டுக்குள் இருக்கிற நுரைக்குச் சூடு ஆகாது. தீ பிடித்தால் அந்தப் புகை மனிதருக்கும் ஆகாது. பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்பர் அலி

*

உடுமலைப்பேட்டை
3.1.1994

அக்பர் அலி பாய் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். குடத்து உதாரணம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை வைத்துக்கொண்டு தெய்வாத்தாள் அம்மாவிடம் நான் எப்படிப் பேசுவது?

நேற்று அவர் வீட்டுக்கே போனேன். மிச்சமிருந்த போன வருஷப் புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கை நிற்காமலே, "ஏனுங்க அம்மணி, மாட்டுக்கொட்டாய் போட்டாக்கூட ஒரு படி பால் பொங்க வெச்சுப்போட்டுத்தான் மாட்டைக் கட்டறோம். பால் பொங்காத எடத்துல எம் புளிய எப்படீங்க வெக்கறது?" என்றார். பக்கத்தில் இருந்த நாலு பெண்களும் ஆமாம் என்றார்கள். அந்த நாலு வீட்டுப் புளியும் போயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் நல்ல வேலைக்காரர். அதனால்தான் பெங்களூர்க் கம்பெனியை விட்டு உங்களிடம் கொடுத்தேன். ஆனால் எங்கள் வழக்கம் எங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்பது உங்களுக்குப் புரியாது என்று நினைக்கிறேன். ஒரு படி பால், கால் மணி நேரம். அதற்கே இடம் கொடுக்காத சுவரை என்னவென்று சொல்வது?

பத்மாவதி

*

பெரியநாயக்கன்பாளையம்
10.1.1994

பத்மாவதி அம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்து நாலு நாளாகிறது. ஒரு வரி கொஞ்சம் குத்தியது. அதை மனதில் வைத்துக்கொண்டு மற்றதை எழுதுவது சரியில்லை என்பதால் முதலில் சொல்லிவிடுகிறேன். கோட்டைமேட்டிலிருந்து இப்போதைய வீட்டுக்கு நாங்கள் குடிபோன அன்று என் மனைவி சாஜிதாவும் பால்தான் காய்ச்சினாள். அது பக்கவாட்டில் வழிந்து ஸ்டவ்வை அணைத்தது. அதை அவள் நல்ல சகுனமாகச் சொன்னாள், நானும் நம்பினேன். ஆகவே வழக்கம் புரியாமல் சொல்லவில்லை, அம்மா.

இது என் பெயருக்கு நான் எடுத்திருக்கிற முதல் முழுக் கட்டடம். இதற்கு முன் பத்து வருஷம் வேறு ஆளின் போர்டுக்குக் கீழே நின்று வேலை செய்தேன். உங்கள் அறையில் மூட்டை இறங்கவில்லை என்றால் உங்களுக்கு எவ்வளவு கஷ்டமோ, எனக்கும் கிட்டத்தட்ட அவ்வளவு. காலி அறையைக் காட்டி இன்னொரு ஆளிடம் எப்படி வேலை கேட்பேன்?

எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். பாலை வாசலில் கிழக்கே பார்த்துப் பொங்க வையுங்கள். தாராளமாக வழியட்டும். அந்தப் பானையை அப்படியே உள்ளே கொண்டுபோய் உங்கள் தென்கிழக்கு மூலையில் வையுங்கள். குளிர் மெஷின் ஓட ஆரம்பித்த பிறகு அது ஐந்து நாள் அங்கேயே இருக்கட்டும். ஐந்தாம் நாள் தெய்வாத்தாள் அம்மாவே வந்து அதில் காப்பி போட்டுக் குடித்துப் பார்க்கட்டும். சமையலறைக்குப் பால் பொங்குவது அழகு. இந்த அறைக்குப் பால் கெடாமல் இருப்பதுதானே அழகு?

நன்றாக இருக்கிறதென்று உங்களுக்குத் தோன்றினால் செய்யுங்கள். இல்லையென்றால் வேறு யோசிப்போம். பொங்கல் வாழ்த்துகள்.

அக்பர் அலி

*

உடுமலைப்பேட்டை
12.2.1994

அக்பர் அலி பாய் அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் கந்தப்பனும் மூன்றாம் தேதி கிளம்பிப் போனீர்கள். ஆறாம் தேதி விசேஷம் நன்றாக நடந்தது. எல்லோரும் வந்திருந்தார்கள். தெய்வாத்தாள் அம்மாவும் வந்திருந்தார். அறை உள்ளே வெள்ளை வெளேரென்று இருப்பதைப் பார்த்து, ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது என்றார்கள். மெஷின் பொருத்துகிற ஆட்களின் வேலை இந்த மாதக் கடைசியில்தான் முடியுமாம்.

ஒரு சின்ன விஷயம் கேட்க வேண்டும். தென்கிழக்கு மூலையில் இருக்கிற பேனல், தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் கொஞ்சம் உப்பினாற்போல் இருக்கிறது. கை வைத்து அமுக்கினால் டப் என்று சத்தம் வருகிறது. பேனல் தானாகவே அப்படி ஆவது உண்டா? பெரிதாக ஒன்றும் இல்லை. சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன். மெஷின் ஓட அதனால் தடையில்லை என்றால் அப்படியே விட்டுவிடலாம்.

வெயில் ஆரம்பித்துவிட்டது. புளி உதிர்க்கத் தொடங்கிவிட்டார்கள்.

பத்மாவதி

*

பெரியநாயக்கன்பாளையம்
17.2.1994

பத்மாவதி அம்மா அவர்களுக்கு,

நோன்பு தொடங்கி நாலைந்து நாள் ஆகிறது. மதியத்தில் கொஞ்சம் சோர்வு. எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. கந்தப்பனைக் கூப்பிட்டு, மருந்து கலக்கும்போது அளவைத் தப்பவிட்டாயா என்று நாலு பேர் முன்னால் திட்டிவிட்டேன். அவன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டான். பிறகு, "அன்னைக்கு வெயில் ஏறட்டும்னு சொன்னது நானுங்க. லாரி நிக்குதுன்னு சொன்னது நீங்க" என்றான்.

அவன் சொன்னது உண்மை. உங்கள் தென்கிழக்கு மூலையில் இருப்பது நாற்பத்தொன்பதாவது பேனல், கடைசியாக ஊற்றியது. அன்று காலையில் பனி. வாசலில் லாரிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். டிரம் சூடேறவில்லை. ஊற்றினேன். அரை மணிக்குப் பதிலாக இருபது நிமிஷத்தில் பிரஸ்ஸைத் தளர்த்தினேன். நாற்பத்தெட்டு பேனலுக்குப் பொறுமையாக இருந்தவன் கடைசி ஒன்றுக்கு அவசரப்பட்டேன். முழுப் பாடமும் படித்துவிட்டுக் கடைசிக் கேள்வியில் கவனம் தப்புகிற மாணவனைப் போல.

அப்படியே விடக் கூடாது. வெளிக்காற்றின் ஈரம் அந்த வழியாக நுழைந்து உள்ளே தண்ணீராகத் தேங்கும். இரண்டு வருஷத்தில் பக்கத்துப் பேனலும் போய்விடும். புதிதாக ஒன்று ஊற்றி எடுத்துக்கொண்டு வருகிறேன். மூலையில் இருப்பதால் கழற்றுவது எளிது. செலவைப் பற்றி நீங்கள் பேசவே வேண்டாம்.

மேட்டுப்பாளையத்தில் ஒருவர் உருளைக்கிழங்குக் கிடங்கு கட்டித் தரச் சொல்லிக் கேட்டிருந்தார். உங்களுடையதைப் போல நாலு மடங்கு. முதல் கட்டடமே வயிறு வைத்துவிட்டது, எனக்கு இன்னும் கை பழகவில்லை, வேறு ஆளைப் பாருங்கள் என்று அவருக்குக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். நாளையோ மறுநாளோ தபாலில் சேர்த்துவிடுவேன். அதுதான் நியாயம் என்று படுகிறது.

அக்பர் அலி

*

உடுமலைப்பேட்டை
19.2.1994

அக்பர் பாய்,

மேட்டுப்பாளையத்துக்குக் கடிதத்தைப் போட்டுவிட்டீர்களா? போடவில்லை என்றால் போடாதீர்கள். போட்டிருந்தால் உடனே இன்னொன்று எழுதுங்கள். இதைப் பஸ்ஸில் கோயம்புத்தூர் வரும் ஓர் ஆளிடம் கொடுத்தனுப்புகிறேன், தபாலை நம்பவில்லை.

போன கடிதத்தில் நான் பொய் எழுதவில்லை. ஆனால் உண்மையையும் எழுதவில்லை. அந்த மூலையில் அடுப்பு வைத்தோம்.

நீங்கள் சொன்னபடி வாசலில்தான் பால் பொங்கியது. நன்றாக வழிந்தது. அதோடு நின்றிருக்கலாம். தெய்வாத்தாள் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "வாசல்ல பொங்குனா வாசலுக்கு ஆச்சு. ஊட்டுக்கு என்னங்க ஆச்சு?" என்றார். பிறகு ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அக்னி மூலையில் ஒரு தடவையாவது தீ எரிய வேண்டும் என்றார்கள். மெஷின் இன்னும் ஓடவில்லையே, வெறும் அறைதானே, கால் மணி நேரம்தானே என்று எனக்கும் தோன்றிவிட்டது. செங்கல் மூன்றை நானே எடுத்து வைத்தேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை என்பதை எழுதிவிடுகிறேன். சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளித்தான் வைத்தோம். ஆனால் விறகு ஈரம். ஊதி ஊதி எரிய வைத்தபோது தீ சுவர்ப் பக்கமாகச் சாய்ந்துவிட்டது. பால் பொங்கியது. கும்பிட்டோம். அதற்குள் மூலையில் டப் என்று ஒரு சத்தம். எல்லோரும் அதையும் நல்ல சகுனம் என்றார்கள்.

மறுநாள் தகட்டில் இருந்த கரியைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவியதும் நான்தான். பாத்திரம் துலக்கிப் பழகிய கை. பெயின்ட் மங்கியதுதான் மிச்சம்.

கேட்காமல் விட்டிருந்தால்கூட இவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது. "தானாகவே ஆவது உண்டா" என்று கேட்டேனே, அதுதான் வாயில் கசக்கிறது. நீங்கள் உங்களையே குற்றவாளியாக்கிக்கொண்டு, கிடைத்த வேலையையும் விட உட்கார்ந்திருக்கிறீர்கள். கந்தப்பனுக்கு வேறு திட்டு. அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். புதுப் பேனலின் செலவு என்னுடையது. இதில் நீங்கள் பேசவே வேண்டாம்.

ஜனவரியில் எழுதிய அந்த வரிக்கும் சேர்த்து மன்னிப்பு.

பத்மாவதி

*

பெரியநாயக்கன்பாளையம்
9.3.1994

தங்கை பத்மாவதிக்கு,

மேட்டுப்பாளையத்துக் கடிதத்தில் ஸ்டாம்ப் ஒட்டி வைத்திருந்தேன். நோன்பு நேரம், தபால் பெட்டி வரை நடக்கச் சோம்பல். அந்தச் சோம்பல் நல்லதாகிவிட்டது. ஸ்டாம்பை ஆவியில் காட்டி எடுத்து இந்தக் கவரில் ஒட்டியிருக்கிறேன்.

போன வாரம் உங்கள் ஊருக்கு வந்து பேனலை மாற்றியபோது நீங்கள் என் முகத்தைப் பார்த்துப் பேசவே இல்லை. நானும் சரியாகப் பேசவில்லை. வெயிலில் நிற்கிறேன் என்று மோரைக் கொடுத்தனுப்பிவிட்டு, நோன்பு நினைவு வந்து நீங்களே ஓடிவந்து வாங்கிக்கொண்டு போனீர்கள். அதற்கு மட்டும் சிரித்தோம். மற்றதைப் பேசாமலே லாரி ஏறிவிட்டேன். ஆகவே எழுதுகிறேன்.

கழற்றிக் கொண்டுவந்த பழைய பேனலை நேற்று ரம்பத்தால் குறுக்கே அறுத்தோம். குற்றம் யாருடையது என்று பேனலையே கேட்டுவிடுவோம் என்று தோன்றியது. அடியில், நீங்கள் சொன்ன இடத்தில், நுரை வறுத்த ரவை போலச் சிவந்து தகட்டை விட்டுப் பிரிந்திருந்தது. அது உங்கள் அடுப்பு. மேலே, தலை உயரத்தில், ஒரு கொட்டாங்கச்சி கொள்ளும் அளவுக்குப் பொந்து. குளிர்ந்த மருந்து அங்கே ஏறவே இல்லை. அங்கே உங்கள் தீ எட்டியிருக்காது. அது என் அவசரம்.

கந்தப்பன் இரண்டையும் பார்த்துவிட்டு, "ஏனுங்க பாய், அடுப்பு வெச்சவங்க ஒத்துக்கிட்டாங்க, அவசரப்பட்டவரும் ஒத்துக்கிட்டாரு. நடுவுல திட்டு வாங்குன ஆளுக்கு என்னங்க வழி?" என்றான். அதே நாலு பேரைக் கூப்பிட்டு அவர்கள் முன்னால் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவனுக்கு வெட்கமாகிவிட்டது. மருந்து வாங்கி வருகிறேன் என்று போய்விட்டான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் அந்தப் பொந்து யாருக்கும் தெரியாது. உங்கள் அடுப்பு அடியில் உப்ப வைத்திருக்காவிட்டால் பேனலைக் கழற்றியிருக்க மாட்டோம். அது உள்ளேயே இருந்து, ஈரம் சேர்ந்து, எல்லாம் மறந்த பிறகு ஒரு நாள் காட்டிக் கொடுத்திருக்கும். பல்வலிக்குப் போன இடத்தில் வேறு வியாதியைக் கண்டுபிடித்த மாதிரி ஆயிற்று. ஆகவே செலவு ஆளுக்குப் பாதி. இதற்கு மேல் நீங்களும் பேச வேண்டாம், நானும் பேசவில்லை.

மேட்டுப்பாளையத்துக்காரரிடம் நடந்ததை எல்லாம் சொல்லிவிட்டேன். அவர் சிரித்துவிட்டு, உடுமலை அறையில் சரக்கு இறங்கின பிறகு வந்து பார்க்கிறேன், அப்புறம் பேசலாம் என்றார். ஆகவே எனக்கும் உங்களுக்கும் இப்போது தெய்வாத்தாள் அம்மாதான் கதி.

மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். கதவைச் சாத்தியதும் கைப்பிடியை இரண்டு தடவை இழுத்துப் பாருங்கள். ரப்பர் பட்டை சரியாகப் பிடித்திருந்தால் கதவு அசையாது.

அக்பர் அலி

*

உடுமலைப்பேட்டை
18.3.1994

அக்பர் அண்ணனுக்கும் சாஜிதா அண்ணிக்கும் பெருநாள் வாழ்த்துகள். நாலு நாள் தாமதம். காரணம் கீழே.

பத்தாம் தேதி தெய்வாத்தாள் அம்மா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த டப் சத்தம் சகுனம் இல்லை, சுவர் பிரிந்த சத்தம் என்றும் சொன்னேன். அவர் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார். பிறகு, "ஏன் அம்மணி, அன்னைக்கே சொல்லிப்போட்டிருக்கலாமல்லோ" என்றார். சொன்னேனே என்று வாய் வரை வந்தது, விழுங்கிவிட்டேன். "சரி, இப்ப என்ன செய்யோணும்?" என்றார்.

வாசலில் மறுபடி பொங்க வைத்தோம். பானையை அவர்தான் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். போன வேகத்தில், "ஐயோ சாமி, என்னங்க இது, ஊட்டிக்கு வந்தாப்பல இருக்குது" என்று முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். மூலையில் பானையை வைத்தார். ஒரு தட்டு போட்டு மூடினார். யாரும் மாற்றிவிடக் கூடாது என்று தட்டையும் பானையையும் சேர்த்து, தான் கொண்டுவந்த மஞ்சள் கயிறு ஒன்றைச் சுற்றி முடிச்சுப் போட்டார். என் வீட்டுக்காரர், "பேங்க் லாக்கர் கெட்டுது போங்க" என்றார். வெளியே அந்த ஐந்து நாளும் நல்ல வெயில். எங்கள் வீட்டுப் பால் ஒரு நாள் மதியமே திரிந்தது.

பதினைந்தாம் தேதி காலையில் வந்தார். முடிச்சைப் பார்த்தார். அவிழ்த்தார். முகர்ந்து பார்த்தார், விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். என் அடுப்பங்கரைக்கு வந்து தன் கையாலேயே காய்ச்சினார். திரியவில்லை. பொங்கி அடுப்பின் மேல் வழிந்தது. காப்பி போட்டு எனக்கு ஒன்று, என் வீட்டுக்காரருக்கு ஒன்று, தனக்கு ஒன்று. குடித்துவிட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். பிறகுதான் கேட்டார்: "அம்மணி, எம் புளிக்கு எந்த மூலை?"

உங்களுக்கு எது வேண்டுமோ அது என்றேன். தென்கிழக்கு மூலையைத்தான் கேட்டார். பால் இருந்த இடமாம்.

நேற்று முதல் மூட்டைகள் இறங்கின. அவருடையது நூற்றுப்பத்து. மாலைக்குள் அந்த நாலு பெண்களின் வண்டியும் வந்து வரிசையில் நின்றது. மேட்டுப்பாளையத்துக்காரரை எப்போது வேண்டுமானாலும் வரச் சொல்லுங்கள். கந்தப்பனுக்கு ஒரு கூடை பழம்புளி கட்டி வைத்திருக்கிறேன். திட்டு வாங்கியதற்குப் பரிகாரம் என்று சொல்லிக் கொடுங்கள். உங்களுக்கான கூடை தனி.

கடைசி ஆளும் வெளியே வந்த பிறகு கதவை நான்தான் சாத்தினேன். நீங்கள் சொன்னபடி இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. மூன்றாம் தடவையும் இழுத்தேன், சும்மா, அந்தப் பிடி கைக்குத் தெரிவதற்காக.

பத்மாவதி